பெரிய பிள்ளைகளோடு தீம் பார்க்: எங்கே தங்குவது?

மளிகைக் கடைக்காரருக்கு ஊர் சுற்றும் வாய்ப்பு பெரும்பாலும் கம்பெனிக்காரர் தயவில்தான் வரும். சோப்புக் கம்பெனியோ டீத்தூள் கம்பெனியோ ஸ்கீம் போடும். இத்தனை கேஸ் எடுத்தால் இரண்டு நாள் டூர் என்பார்கள். டார்கெட்டை முடித்து, ஏஜென்சி வேனில் ஏறி, மற்ற கடைக்காரர்களோடு போய் வருவோம். அதில் கடைக்காரருக்கு இடம் உண்டு. சில சமயம் வீட்டம்மாவுக்கும் உண்டு. பிள்ளைகளுக்கு இருக்காது. சொந்தச் செலவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூரில் ஓர் இரவு தங்கி வந்த வணிகர்களை நம் திருக்கனூர் கடைத்தெருவில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்து மிட்டாய் கேட்டவன் இப்போது பிளஸ் டூ. பரீட்சை முடிந்து ஜூன், ஜூலையில் காலேஜ் என்று கிளம்பினால், பிறகு அவன் வீட்டுக்கு வருவதே லீவுக்குத்தான். அதற்கு முன் குடும்பமாக ஒரு முறை எங்காவது போய்வருவோம் என்று வீட்டில் பேச்சு வருகிறது. எங்கே என்று பிள்ளைகளைக் கேட்டால் பத்துக்கு எட்டு வீட்டில் தீம் பார்க் என்றுதான் பதில் வருகிறது.

வண்டி பேசுவது நமக்குக் கைவந்த வேலை. பார்க் டிக்கெட்டைப் பையனே செல்போனில் எடுத்துவிடுவான். எங்கே தங்குவது என்பதில்தான் தப்புக் கணக்குப் போடுகிறோம். சாக்கு எடையில் கால் கிலோ குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற நாம், லாட்ஜ் வாசலில் நின்று "ஃபேமிலி ரூம் இருக்கா?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன வாடகையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்து விழிக்கிறோம்.

என் கதையையே சொல்கிறேன். 2023 மே மாதம் பெங்களூரு பக்கம் போனோம். மகளுக்கு 17, மகனுக்கு 15. போனில் ஒரு லாட்ஜில் ஃபேமிலி ரூம் சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் அகராதியில் ஃபேமிலி ரூம் என்றால் ஒரு இரட்டைக் கட்டில், தரையில் ஒரு மெத்தை, ஒரு பாத்ரூம். மகன் என்னை விட நாலு விரல்கடை உயரம். தரை மெத்தையில் படுத்தால் அவன் கால் கதவில் இடித்தது. இரவு பதினொரு மணிக்குத் தலையணையை எடுத்துக்கொண்டு வண்டியில் டிரைவரோடு படுக்கப் போய்விட்டான். காலையில் நாலு பேருக்கு ஒரு பாத்ரூம். எட்டரைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் பத்தே காலுக்குக் கிளம்பினோம். பார்க்கில் முதல் இரண்டு மணி நேரம்தான் வரிசை சின்னதாக இருக்கும் என்பது போன பிறகுதான் தெரிந்தது. அதில் பாதியை லாட்ஜ் பாத்ரூம் வாசலிலேயே கழித்துவிட்டோம். மகள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. லாட்ஜ்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் கேட்காததை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெரிய பிள்ளை என்றால் முழு ஆள்

சின்னப் பிள்ளைகளோடு போகும்போது விடுதிக்காரர்கள் தாராளமாக நடந்துகொள்வார்கள். ஐந்து, ஆறு வயது வரை பெரும்பாலான விடுதிகளில் காசு இல்லை. அதற்கு மேல் பன்னிரண்டு வரை கூடுதல் படுக்கைக்கு மட்டும் ஒரு தொகை. பன்னிரண்டைத் தாண்டினால் முழு ஆள். ஆகவே 17, 15 வயதுப் பிள்ளைகள் இருவரோடு போகிற தம்பதி, விடுதிக்காரர் கணக்கில் "இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை" ஆகமாட்டார்கள். நாலு பெரியவர்கள். நம் பக்கத்து விடுதிகளில் ஓர் அறைக்கு மூன்று பெரியவர்களுக்கு மேல் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. போனில் "நாங்கள் நாலு பேர், அதில் இரண்டு பேர் பிள்ளைகள்" என்று சொன்னால் அவர்கள் எட்டு வயது, பத்து வயதை நினைத்துக்கொண்டு சரி என்பார்கள். நேரில் மீசை அரும்பிய பையனைப் பார்த்ததும் கூடுதல் படுக்கை, கூடுதல் சாப்பாடு என்று பில் ஏறும். வயதைச் சொல்லியே பேசுங்கள்.

பூங்காக்களில் அளவுகோல் வேறு. அங்கே பெரும்பாலும் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் அளக்கிறார்கள். வேகமான ராட்டினங்களில் ஏற ஒரு குறைந்தபட்ச உயரம் உண்டு. பல இடங்களில் அது 140 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். நம் பெரிய பிள்ளைகள் அதைத் தாண்டியவர்கள். முழு டிக்கெட் வாங்க வேண்டும், எல்லாவற்றிலும் ஏறலாம். காலேஜ் மாணவர்களுக்குச் சலுகை தரும் பூங்காக்கள் உண்டு. அதற்கு அசல் அடையாள அட்டை வேண்டும், செல்போனில் எடுத்த படம் செல்லாது.

ஆகவே ஒரே அறை என்ற எண்ணத்தையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எடுத்துக்காட்டுக்குச் சொல்கிறேன். மூன்று பேர் தங்கும் அறை ரூ. 3,600, அதில் நாலாவது ஆளுக்குக் கூடுதல் படுக்கை ரூ. 1,000 என்றால் மொத்தம் ரூ. 4,600. அதே விடுதியில் இரண்டு பேர் தங்கும் சாதாரண அறை ரூ. 2,400 என்றால் இரண்டு அறைக்கு ரூ. 4,800. இருநூறு ரூபாய் வித்தியாசத்தில் இரண்டு பாத்ரூம், நாலு பேருக்கும் கட்டில், செல்போன் சார்ஜ் போட இரண்டு மடங்கு பிளக்! பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இரண்டு அறை எடுத்தால் பிள்ளைகள் இருவரையும் ஓர் அறையில் விட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 18 வயது நிரம்பாதவர்கள் பெயரில் மட்டும் அறை கொடுக்க விடுதிகள் தயங்கும். அப்பாவும் மகனும் ஓர் அறை, அம்மாவும் மகளும் ஓர் அறை என்று எழுதிவிட்டால் அந்தப் பேச்சே வராது. நம் வீடுகளில் வழக்கமும் அதுதானே. அறைகள் இரண்டும் ஒரே மாடியில், பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்பதை மட்டும் புக் செய்யும்போதே சொல்லி எழுதி வாங்குங்கள். போன பிறகு கேட்டால் ஒன்று முதல் மாடி, ஒன்று மூன்றாவது மாடி என்பார்கள்.

ராட்டினக்காரர் கற்ற பாடம்

இந்தத் தொழிலின் உள்வயணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அறை வாடகை ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும். வால்ட் டிஸ்னி 1955 ஜூலையில் அமெரிக்காவின் அனாஹைம் ஊரில் டிஸ்னிலேண்டைத் திறந்தார். பூங்கா கட்டுவதிலேயே கைப்பணம் கரைந்துவிட்டது. ஓட்டல் கட்ட முதல் இல்லை. பக்கத்தில் ஓட்டல் கட்டும் உரிமையை ஜாக் ராதர் என்ற இன்னொரு தொழிலதிபருக்குக் கொடுத்தார். பூங்காவைச் சுற்றி வேறு பலரும் லாட்ஜ்களைக் கட்டினார்கள். கூட்டத்தை வரவழைத்தவர் டிஸ்னி. இரவு தங்கிய காசு மற்றவர் கல்லாவில் விழுந்தது. அந்த ஓட்டலை டிஸ்னி நிறுவனம் திரும்ப வாங்க 1988 வரை ஆனது. அடுத்த பூங்காவுக்கு ஃபுளோரிடாவில் இடம் வாங்கியபோது டிஸ்னி உஷாராகிவிட்டார். தன் பெயர் வெளியே தெரியாமல் சுமார் 27,000 ஏக்கர் வாங்கிப் போட்டார். அவர் 1966-இல் காலமானார். 1971 அக்டோபரில் அந்தப் பூங்கா திறந்தபோது நிறுவனத்தின் சொந்த ஓட்டல்களும் உள்ளேயே தயாராக இருந்தன.

கோயில் வாசலில் தேங்காய்க் கடை வைத்திருப்பவருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் அதே பாதைதான். ஐதராபாத்தின் ராமோஜி பிலிம் சிட்டிக்கு உள்ளேயே ஓட்டல்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையம் மலையடிவாரத்து பிளாக் தண்டரில் தங்கும் அறைகள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம். இரண்டும் கடற்கரை விடுதிகளோடு சேர்ந்தே வளர்ந்தவை. நம் கடை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறோமே, அந்த வி-கார்ட் கம்பெனியைத் தொடங்கிய கொச்சவுசேப் சிட்டிலப்பள்ளிதான் 2000-ஆம் ஆண்டில் கொச்சியில் வீகாலேண்ட் என்ற பூங்காவைத் திறந்தார். 2005-இல் பெங்களூருக்கு அப்பால் மைசூர் சாலையில் பிடதியில் வொண்டர்லா வந்தது. அதற்குள்ளேயே 2012-இல் 84 அறைகளோடு ஒரு விடுதியும் திறந்தார்கள். 2025 டிசம்பரில் நமக்குப் பக்கத்திலேயே, திருப்போரூர் அருகே இள்ளலூரில், வொண்டர்லாவின் சென்னைப் பூங்கா திறந்தது. அதுவரை பெங்களூரு, கொச்சி என்று பேசிக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் அதன் பிறகு அதையேதான் பேசுகிறார்கள்.

உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா?

பூங்காவுக்கு உள்ளேயே இருக்கும் விடுதியில் வாடகை அதிகம். "நடந்து வந்து படுக்கலாம்" என்பதற்காக அவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று நாம் யோசிப்போம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது நியாயமான செலவு. மதியம் குழந்தையைத் தூங்க வைக்க இடம் வேண்டும். பெரிய பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மதியம் தூங்கப் போகிறவர் யார்? நாம்தான். நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் சுகர், பிரஷர் மாத்திரையோடு போகிற நமக்கு இரண்டு ராட்டினம் போதும். பிள்ளைகளுக்குக் காலை முதல் மாலை வரை வேண்டும். உள்ளே அறை இருந்தால் மதியம் சாப்பிட்டு நாம் போய்ப் படுக்கலாம். அவர்கள் பாட்டுக்குச் சுற்றிவிட்டு ஐந்து மணிக்கு வருவார்கள். யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். பிடதி போல தூரத்து ஊருக்குப் போனால், முதல் நாள் இரவே போய்ச் சேர வேண்டியிருப்பதால், இந்த வசதிக்குக் காசு கொடுக்கலாம். நம் ஊரிலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் போய் பெங்களூரைத் தாண்டுவதற்குள் ஒரு பகல் போய்விடும். நகரத்துக்குள் லாட்ஜ் எடுத்தால் மறுநாள் காலை அந்த நெரிசலில் மைசூர் சாலையைப் பிடிப்பதற்குள் பூங்கா திறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். 2023-இல் நான் செய்தது இதுவும்தான்.

சென்னைப் பக்கத்துப் பூங்கா என்றால் கணக்கே வேறு. மயிலம், திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு வழியாகப் போனாலும் சரி, புதுச்சேரி போய்க் கடற்கரைச் சாலையைப் பிடித்தாலும் சரி, விடியற்காலையில் புறப்பட்டால் பூங்கா திறக்கும் முன் போய்விடலாம். முதல் நாள் இரவு தங்க வேண்டிய அவசியம் இல்லை. அன்று இரவு கடையை ஒழுங்காக அடைத்து, சொந்தக் கட்டிலில் படுத்து எழுந்து போகலாம்.

அப்படியானால் அன்றே திரும்பிவிடலாமே என்று கேட்பீர்கள். 1990-களில் கிஷ்கிந்தாவுக்கு வேன் பிடித்துப் போனவர்கள் அப்படித்தான் வந்தார்கள். நானும் வந்திருக்கிறேன். அப்போது நமக்கு இருபது வயது. இப்போது மாலை ஆறு மணிக்கு வெளியே வந்து, ஈரத் துணியோடு வண்டியில் ஏறி, இரவு பத்து மணிக்கு வீடு சேர்வதைப் பிள்ளைகள் தாங்குவார்கள். விடியற்காலை நாலு மணி முதல் வண்டி ஓட்டும் டிரைவர் தாங்குவாரா என்பதுதான் கேள்வி. திண்டிவனம் சாலையில் இரவு நேரம் லாரிகள் எப்படி வரும் என்று சரக்கு எடுக்கப் போய் வருகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பூங்கா முடிந்த இரவு தங்குவதுதான் என் யோசனை. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த வரிசையில் போனால் காலையில் பெட்டி வைக்க அறை இருக்காது. வண்டியிலேயே பையை விட்டு, மாற்றுத் துணியை மட்டும் லாக்கருக்கு எடுத்துப் போக வேண்டும். டிரைவர் வண்டியை விட்டுப் போகாமல் இருக்க அவருக்குச் சாப்பாட்டுக் காசைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இள்ளலூர் போகிறவர்கள் தங்க மூன்று பக்கம் இருக்கிறது. ஒன்று, கேளம்பாக்கம், சிறுசேரி, நாவலூர் என்று போகும் பழைய மாமல்லபுரம் சாலை. இரண்டு, மாமல்லபுரம். மூன்று, செங்கல்பட்டு. செங்கல்பட்டில் வாடகை குறைவு, திரும்பி வர வழியும் நேர். ஆனால் மாலையில் பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. எனக்குப் பிடித்தது மாமல்லபுரம். திருப்போரூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பல வாடகையில் விடுதிகள் இருக்கின்றன. இரவு பத்து மணி வரை தெருவில் நடமாட்டம் உண்டு. பதினேழு வயதுப் பெண்ணும் பதினைந்து வயதுப் பையனும் சேர்ந்து கடை பார்த்து ஐஸ்கிரீம் சாப்பிட்டு நடந்தே அறைக்கு வரலாம். பெரிய பிள்ளைகளுக்கு அறையின் அழகை விட இதுதான் முக்கியம். வெட்டவெளியில் நெடுஞ்சாலை ஓரம் தனியாக நிற்கும் ரிசார்ட் நமக்கு அமைதியாகத் தெரியும், அவர்களுக்குச் சிறை. சாப்பாடும் அந்த ரிசார்ட் சொல்லும் விலையில்தான்.

ஞாயிறா, செவ்வாயா?

நம் புதுச்சேரியையே பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை சென்னை, பெங்களூரு வண்டிகள் வந்து இறங்கியதும் அறை வாடகை எங்கே போகிறது! திங்கள்கிழமை அதே அறைக்கு ஆள் இல்லை. மாமல்லபுரமும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதே கணக்குத்தான். சனி, ஞாயிறு ஏற்றம், செவ்வாய், புதன் இறக்கம். பழைய மாமல்லபுரம் சாலையில் இது தலைகீழ். அங்கே தங்குகிறவர்கள் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வேலையாக வருகிறவர்கள். வாரநாளில் அறை நிரம்பும், சனி, ஞாயிறில் காலியாகும். ஆகவே வாரநாளில் போகிறவர் கடற்கரைப் பக்கம் தங்க வேண்டும், வார இறுதியில் போகிறவர் கம்பெனிச் சாலைப் பக்கம் விசாரிக்க வேண்டும். சம்பளக்காரருக்கு ஞாயிறு ஒன்றுதான் வழி. நமக்குச் செவ்வாய் போக முடியும். இது நம் தொழில் நமக்குத் தந்திருக்கும் ஒரு சலுகை. பூங்காவிலும் வாரநாளில் கூட்டம் குறைவு, டிக்கெட்டும் பல இடங்களில் குறைவு.

மாதத்தில் எந்த வாரம் என்பதையும் பாருங்கள். முதல் பத்து நாள் மளிகைக்காரர் நகர முடியாது. இருபது தேதிக்கு மேல் வியாபாரம் தணியும். வணிகர் தினமான மே 5 அன்று எப்படியும் கடைக்கு லீவுதானே என்று சிலர் கேட்கிறார்கள். அன்று மாநாட்டுக்குப் போக வேண்டியவர்கள் நாம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மே முதல் வாரம் பள்ளி விடுமுறைக் கூட்டம் எல்லா ஊரிலும் அலைமோதும். வாடகையும் உச்சத்தில் இருக்கும்.

புக் செய்யும் முன் காலண்டரில் முகூர்த்த நாள் பாருங்கள். திருப்போரூர் கந்தசாமி கோயிலில் கல்யாணங்கள் நடக்கும் நாளில் சுற்று வட்டாரத்து லாட்ஜ்களைப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பிடித்துவிடுவார்கள். இடம் கிடைத்தாலும் விடிய விடிய கதவு தட்டும் சத்தம்தான். டிசம்பர், ஜனவரியில் மாமல்லபுரத்தில் நாட்டிய விழாவும் வெளிநாட்டார் வருகையும் இருப்பதால் வாடகை இறங்காது.

போனில் கேட்க வேண்டியவை

செல்போன் ஆப்பில் பார்த்த படத்தை நம்பி முழுப்பணம் கட்டிவிடாதீர்கள். படத்தில் இருப்பது அந்த விடுதியின் நல்ல அறை. ஆப்பில் பெயரைப் பிடித்து, விடுதிக்கே போன் செய்து பேசுங்கள். நேரடியாக வருகிறவருக்கு அவர்கள் தரகுக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லிக் குறைத்துக் கேட்பதில் வெட்கம் என்ன? நம்மிடம் நாள்தோறும் கேட்கிறார்களே.

செக்-அவுட் எப்படி என்று முதலில் கேளுங்கள். பழைய லாட்ஜ்களில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்ற முறை இன்னும் சில இடங்களில் உண்டு. புதியவை பெரும்பாலும் மதியம் 12 அல்லது 11 மணி. இரவு எட்டு மணிக்கு நுழைகிற நமக்கு 24 மணி நேர லாட்ஜ் கிடைத்தால் மறுநாள் அவசரமே இல்லை. பெரிய பிள்ளைகள் அன்று எட்டு மணிக்கு முன் எழுந்திருக்க மாட்டார்கள், எழுப்பிச் சண்டை போடவும் வேண்டாம். வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வரும் என்பது அடுத்த கேள்வி. காலை ஆறு முதல் ஒன்பது வரைதான் என்றால், நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து இரவு வருகிறவர்களுக்கு அதனால் பயன் இல்லை. பால்கனியோ மொட்டை மாடிக் கொடியோ இருக்கிறதா என்றும் கேளுங்கள், நாலு பேர் ஈரத் துணியை அறைக்குள் காய வைக்க முடியாது. டிரைவர் படுக்க இடம் உண்டா? இருந்தால் நைட் ஹால்ட் பேட்டாவில் பேசிக்கொள்ளலாம். அதோடு, அவர் நன்றாகத் தூங்கினால்தான் நமக்கு மறுநாள் நிம்மதி.

வண்டி விஷயத்தில் ஒன்று. நம் பக்கத்து பி.ஒய். பதிவு டாக்ஸி என்றால் தமிழ்நாட்டு பெர்மிட், சுங்கச்சாவடிக் கட்டணம் எல்லாம் சொன்ன வாடகையில் அடக்கமா என்று முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறைந்தபட்சக் கணக்குப் போடுவார்கள். இரண்டு நாள் வைத்திருந்தால் அது இரண்டு மடங்கு ஆகும், ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

18 வயது நிரம்பியவர்கள் அனைவரும் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று கேட்பார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி அடையாள அட்டையை எடுத்து வையுங்கள். ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தால், முதல் எட்டு எண்கள் மறைத்த நகலைக் கொடுப்பது நல்லது.

பூங்காவில் தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தி உடையோடு விடமாட்டார்கள். நைலான் துணி வேண்டும். வாசல் கடையில் வாங்கினால் அவர் சொன்னதே விலை. புதுச்சேரியிலேயே வாங்கி எடுத்துப் போங்கள். வெளிச் சாப்பாட்டுக்கும் பொதுவாக அனுமதி இல்லை. நம் கடை முறுக்கும் மிக்ஸரும் லாட்ஜ் அறைக்குத்தான்.

பில்லைப் பாருங்கள்

அறைக்கு ஜி.எஸ்.டி. உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை ரூ. 7,500 வரை உள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். இதில் பெரிய குடும்பத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாலு பேருக்கு ஒரே பெரிய அறை ரூ. 8,000 என்று எடுத்தால் வரியோடு ரூ. 9,440. அதே எட்டாயிரத்துக்கு ரூ. 4,000 வீதம் இரண்டு அறை எடுத்தால் வரியோடு ரூ. 8,400. ஆயிரத்து நாற்பது ரூபாய் மிச்சம். "சூட் ரூம் காலியாக இருக்கிறது, தருகிறோம்" என்று சொன்னால் இதை நினைவில் வையுங்கள். சொன்ன வாடகை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கடை ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து பில் வாங்கிவிட்டால் கிரெடிட் எடுக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். குடும்பச் சுற்றுலாவுக்குக் கிரெடிட் கிடையாது. வியாபார வேலையாகவே போனாலும், விடுதி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வரியாகத்தான் பில் போடுவார்கள். புதுச்சேரிப் பதிவுக்கு அது உதவாது. சொந்தக் காசில் சொந்தப் பிள்ளையோடு போனோம் என்று வீட்டுக் கணக்கில் எழுதுங்கள்.

இரண்டு பெரியவர்களும் பூங்காவுக்குள் போகத்தான் வேண்டுமா என்பதையும் வீட்டில் பேசிப் பாருங்கள். ராட்டினத்தில் ஏறாமல் நிழலில் உட்கார்ந்திருப்பதற்கும் பல இடங்களில் முழு டிக்கெட்தான். எண்ணெய் மொத்த வியாபாரம் செய்யும் நம் சங்க நண்பர் ஒருவர் இப்படிச் செய்தார். பன்னிரண்டாவது படிக்கும் மகன், காலேஜ் முதல் வருட மகள், அவளுடைய பெரியப்பா மகள், மூவரையும் காலையில் பூங்கா வாசலில் விட்டார். அவரும் மனைவியும் திருப்போரூர் முருகனைத் தரிசித்து, நடை சாத்தும் முன் வெளியே வந்து, மதியமே மாமல்லபுரம் லாட்ஜில் இறங்கிவிட்டார்கள். இரண்டு அறை. வெந்நீர், பால்கனி எல்லாம் முன்பே கேட்டு வைத்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் மதியம் சாப்பிட்டுவிட்டு இருவரும் சும்மா உட்கார்ந்து பேசியது அன்றுதான் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாலை வண்டி போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தது. குளித்து முடித்து எட்டு மணிக்கு ஐந்து பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். வீட்டில் கடை அடைத்து அவர் போவதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள். பள்ளி நாளில் அவர் எழுவதற்குள் பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள். பையன் கோயம்புத்தூரில் படிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் நேராகச் சொன்னது அந்த மேசையில்தான். அவர் சரி என்று சொல்லிவிடவில்லை. கடையை யார் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார். பேச்சு இரவு பதினொன்றரை வரை போயிருக்கிறது. முடிவு இன்னும் ஆகவில்லை என்றுதான் கேள்வி.

கடையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு நாள் முன்பே ரெகுலர் கஸ்டமர்களிடம் சொல்லிவிட்டார். ஷட்டரில் "புதன் மாலை 5 மணிக்குத் திறக்கப்படும்" என்று அட்டை. தயிர், பிரெட் முதல் நாளே நிறுத்தம். பாண்லே பாலை மட்டும் எதிர்க்கடைக்காரரிடம் இறக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். செவ்வாய் முழு நாள், புதன் ஒரு காலை, அவ்வளவுதான் அடைப்பு. புதன் நாலே முக்காலுக்கு அவர் ஷட்டரைத் தூக்கியபோது வாசலில் மூன்று பேர் பையோடு நின்றிருந்தார்களாம். எதிர்க்கடைக்காரர் மேமாதக் கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறார். அந்த இரண்டு நாளும் அவருடைய பால் இவர் கடையில் இறங்கும்.